எல்லாம் தெரிந்தவனுக்குச் சேரி தெரியுமா?

எல்லாவற்றையும் அறிந்த ஒருவர் இருக்க முடியுமா என்ற கேள்வியைத் தத்துவ வகுப்பறைகளில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். உருட்டட்டும். ஆனால் தோழர்களே, இந்தக் கேள்வி நம்முடையது. ‘முற்றறிவு’ என்று ஒன்றைக் காட்டித்தான் இந்த மண்ணில் நம் காதை அடைத்தார்கள். வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். எல்லாம் தெரிந்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்று சொன்னது யார், எதிர்க்கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதைப் பேசாமல் முற்றறிவைப் பேசுவது, சுடுகாட்டுக்குப் பாதை கேட்கிறவனிடம் மோட்சத்துக்கு வழி சொல்வது மாதிரி.

முதலில் ‘எல்லாம்’ என்ற சொல்லையே பார்ப்போம். ‘ஊரே திரண்டு வந்தது’ என்கிறார்கள். ‘ஊர்க் கூட்டம் போட்டு முடிவெடுத்தோம்’ என்கிறார்கள். ‘தேர் ஊரெல்லாம் சுற்றி நிலைக்கு வந்தது’ என்று பத்திரிகையில் போடுகிறார்கள். அந்த ஊருக்குள் சேரி இல்லை. சேரித் தெருவுக்குள் தேர் வந்ததே கிடையாது. ஆனாலும் சொல்கிறவன் தெரிந்தே பொய் சொல்வதாக நினைப்பதில்லை. அவன் ‘எல்லாம்’ அத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகவே எவனாவது ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்று வந்தால், தெய்வமோ, பண்டிதனோ, கட்சியோ, அரசோ, நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஒங்க எல்லாத்துல நாங்க இருக்கமா?

சைவ சித்தாந்தம் சிவனுக்கு எட்டுக் குணம் சொல்கிறது. அதில் ஒன்று முற்றும் உணர்தல். நல்லது. அந்த முற்றும் உணர்ந்தவனிடம் ஆதனூர் நந்தன் போனான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதியிருப்பதையே எடுத்துக்கொள்வோம். நந்தனின் பக்தி எவ்வளவு, ஏக்கம் எவ்வளவு என்று சிவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததனால் திருப்புன்கூரில் என்ன செய்தான்? மறைத்துக்கொண்டிருந்த நந்தியை விலகச் சொன்னான். நந்தன் வெளியே நின்றபடியே பார்த்துக்கொண்டான். கல் நகர்ந்தது, தீட்டு நகரவில்லை. தில்லையில் என்ன செய்தான்? தீட்சிதர் கனவில் போய், நெருப்பு வளர்க்கச் சொன்னான். நந்தன் நெருப்பில் இறங்கி, அந்த உடம்பு போய், பூணூலோடு வேறு உடம்பில் எழுந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. தீட்சிதர் மனதில் இருப்பதும் சிவனுக்குத் தெரியுமல்லவா? அந்த மனதை ஏன் நெருப்பில் இறக்கவில்லை? புராணம் இதற்குப் பதில் சொல்வதில்லை. நந்தனைப் பற்றிச் சிவனுக்கு எல்லாம் தெரியும் என்று மட்டும் சொல்கிறது. தீட்சிதருக்குத் தெரிய வேண்டியது எதுவோ அதுதான் அந்தச் சிவனுக்கும் தெரிந்திருக்கிறது என்கிறேன் நான்.

சரி, புராணத்தை விடுவோம். தத்துவம் என்று மரியாதையோடு பேசப்படுகிற இடத்துக்கே போவோம். சங்கரர் பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதினார். முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வாதம் இப்படிப் போகிறது: வேதம் அறிவுக் களஞ்சியம், அப்படிப்பட்ட வேதம் எதிலிருந்து வந்ததோ அது எல்லாம் அறிந்ததாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே பிரம்மம் முற்றறிவுடையது. அதே முதல் அத்தியாயத்தின் மூன்றாம் பாதத்துக்கு வாருங்கள். சூத்திரனுக்கு வேதத்தில் உரிமை உண்டா என்று கேள்வி வைத்து, இல்லை என்று முடிக்கிறார். வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் ஊற்ற வேண்டும் என்ற பழைய தரும சாத்திர விதியை அங்கே சான்றாகக் காட்டுகிறார். கௌதம தரும சூத்திரத்தில் இருக்கிற விதி அது. முற்றறிவு முதல் பாதத்தில், ஈயம் மூன்றாம் பாதத்தில். இரண்டுக்கும் நடுவில் எத்தனை பக்கம்? அத்வைதம் பேசுகிற நண்பர்கள் முதல் பாதத்தை மேடையில் பேசுவார்கள். மூன்றாம் பாதம் வந்தால், ‘அது அந்தக் காலம்’ என்று நழுவுவார்கள். முதல் பாதம் மட்டும் எந்தக் காலமாம்? சூத்திரனுக்கே இந்தக் கதி என்றால், அவர்கள் வருணக் கணக்கிலேயே சேர்க்காத நமக்கு என்ன கதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கூர்மையானவர் குமரிலபட்டர். ஏழாம் நூற்றாண்டு மீமாம்சகர். ‘மனிதன் எவனும் எல்லாம் அறிந்தவனாக இருக்க முடியாது’ என்று புத்தரையும் சமணர்களின் அருகனையும் குறிவைத்து அடித்தார். ஒருவனை எல்லாம் அறிந்தவன் என்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமானால், பார்க்கிற ஆளுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். புத்தர் காலத்து ஜனங்களுக்கு அவர் முற்றறிவாளர் என்று எப்படித் தெரிந்தது? நல்ல கேள்வி. நான் ஒப்புக்கொள்கிறேன். வைத்தியன் கெட்டிக்காரனா என்று நோய் குணமாவதை வைத்துச் சொல்லிவிடலாம். எல்லாம் தெரிந்தவனா என்று எதை வைத்துச் சொல்வது?

ஆனால் குமரிலர் இந்த ஆயுதத்தை எதற்கு எடுத்தார்? மனிதர் யாருக்கும் தருமத்தைச் சொல்லும் தகுதி இல்லை, வேதம் ஒன்றுக்கே உண்டு என்று காட்டுவதற்கு. வேதத்தை யாரும் எழுதவில்லையாம். எழுதியவன் இல்லை, ஆகவே எழுதியவனின் குற்றமும் இல்லை. ஓர் அறிவு உண்டானால் அது தானாகவே மெய். பிறகு மறுப்பு வந்தால்தான் பொய்யாகும். வேதத்துக்கு மறுப்பு வரவில்லை, ஆகவே வேதம் மெய். இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். மறுப்பு வராதவரை மெய் என்றால், மறுக்கக்கூடியவர்கள் யார்? வேதத்தால் அடிபட்டவர்கள். அவர்கள் அதைக் காதால் கேட்கக்கூடாது, வாயால் சொல்லக்கூடாது. வேள்விக்கு எல்லா வருணத்தாருக்கும் உரிமை உண்டு என்று பாதரி என்ற ஒரு பழைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஜைமினியின் மீமாம்ச சூத்திரம் அவர் பெயரைச் சொல்லிவிட்டு அவர் கருத்தைத் தள்ளிவிடுகிறது. மறுக்கிறவன் காதை அடைத்துவிட்டு, மறுப்பே வரவில்லை பாருங்கள் என்று சொல்வதுதான் இவர்களுடைய பிரமாணம். சாட்சியைக் கூண்டில் ஏற விடாமல் தடுத்துவிட்டு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? புத்தர் மீது குமரிலர் வைத்த இன்னொரு குற்றச்சாட்டையும் சேர்த்துப் படியுங்கள்: க்ஷத்திரியனாகப் பிறந்தவன் தன் வருண தருமத்தை மீறிப் போதிக்க வந்துவிட்டான். வாதம் தர்க்கத்தில் தொடங்கிச் சாதியில் வந்து இறங்குகிறது.

புத்தர் பக்கம் வருவோம். பாலி நூல்களில் வச்சகோத்தன் என்ற பரிவிராஜகன் வந்து, ‘நீங்கள் எப்போதும், நடக்கும்போதும் தூங்கும்போதும் எல்லாம் அறிந்தவர் என்று சொல்கிறார்களே’ என்று கேட்கிறான். அப்படிச் சொல்கிறவர்கள் நான் சொல்லாததைச் சொல்கிறார்கள் என்று புத்தர் மறுத்துவிடுகிறார். சந்தக சுத்தத்தில் ஆனந்தர் சொல்வது இன்னும் வேடிக்கை. எல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொள்கிற ஆசான் ஒருவர் பிச்சைக்குப் போகிறார். ஆளில்லாத வீட்டுக்குள் நுழைகிறார், சோறு கிடைக்கவில்லை, நாய் கடித்துவிடுகிறது. எதிரில் வருகிறவரிடம் பெயர் கேட்கிறார், ஊருக்கு வழி கேட்கிறார். ஏனய்யா, எல்லாம் தெரிந்த உமக்கு இது தெரியாதா என்றால், போக வேண்டியிருந்தது போனேன், கேட்க வேண்டியிருந்தது கேட்டேன் என்று சமாளிக்கிறார். நம் கிழவிகள் சொல்கிற கதை மாதிரி இல்லையா? நாய் கடித்த இடத்தில் முற்றறிவு முடிந்துபோயிற்று.

வீமம்சக சுத்தம் என்று ஒன்று இருக்கிறது. ததாகதரையே சோதித்துப் பாருங்கள், கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் ஆராயுங்கள் என்று சீடர்களுக்குச் சொல்லப்படுகிறது. அங்கே காதில் ஈயம். இங்கே காதைத் திறந்து என்னையே சோதி. இரண்டு மரபுக்கும் உள்ள தூரம் இதுதான். பின்னால் வந்த தருமகீர்த்தி என்ற பௌத்தத் தருக்கவாதி நேராகவே கேட்டார்: பூச்சிகள் எத்தனை என்று ஒருவனுக்குத் தெரிந்தால் அதனால் நமக்கு என்ன பயன்? தொலைதூரம் பார்க்கிறவன்தான் குரு என்றால் கழுகைக் கும்பிட வேண்டியதுதானே? துக்கம் எது, அது எதனால் வருகிறது, அதைப் போக்கும் வழி எது என்று தெரிந்தவனே நமக்கு வேண்டியவன் என்பது அவர் கட்சி.

ஆனால் பௌத்தர்கள் பிற்பாடு இதில் உறுதியாக நிற்கவில்லை. எட்டாம் நூற்றாண்டில் சாந்தரக்ஷிதர், பதினோராம் நூற்றாண்டில் ரத்னகீர்த்தி என்று வரிசையாகப் புத்தரை முற்றறிவாளர் ஆக்குவதற்கு நூல் எழுதினார்கள். பார்ப்பனரோடு வாதாடப் போய், பார்ப்பனர் போட்ட களத்திலேயே நின்றுவிட்டார்கள். அம்பேத்கர் அந்தக் களத்தை விட்டே வெளியே வந்தார். 1957-இல், அவர் மறைவுக்குப் பிறகு வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் வருகிற புத்தர் வழி காட்டுகிறவர். மோட்சம் கொடுக்கிறவர் அல்லர். தன் சொல் தவறவே தவறாது என்று சொல்லிக்கொள்ளாதவர். வேதம் பிழையற்றது என்று பார்ப்பனர்கள் ஏன், எப்போது சொல்ல ஆரம்பித்தார்கள் என்ற கேள்வியை ‘இந்து மதத்தின் புதிர்கள்’ நூலில் அவர் ஒரு புதிராகவே வைக்கிறார். அந்த நூல் 1987-இல் அச்சில் வந்தபோது மகாராட்டிரத்தில் எவ்வளவு கலவரம் என்று நினைத்துப் பாருங்கள். கேள்வி கேட்டதற்கே அவ்வளவு கோபம்.

இனி நேரடியாகக் கேள்விக்கு வருகிறேன். முற்றறிவு சாத்தியமா? கணக்கு வழியாக ஒரு மறுப்பு உண்டு. மூன்று பொருள் இருந்தால், ஒன்றும் எடுக்காததையும் சேர்த்து அதிலிருந்து எட்டு விதமாகக் கூட்டம் பிரிக்கலாம். எத்தனை பொருள் இருந்தாலும், முடிவில்லாமலே இருந்தாலும், கூட்டங்கள்தான் எப்போதும் அதிகம் என்று கேண்டர் என்ற கணித அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறுவினார். பாட்ரிக் கிரிம் 1988-இல் இதை முற்றறிவுக்கு எதிராகத் திருப்பினார். உண்மைகளையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டால், அந்தப் பட்டியலிலிருந்து பிரிக்கும் ஒவ்வொரு கூட்டத்தைப் பற்றியும் தனித்தனியே ஓர் உண்மை இருக்கும். அவை பட்டியலைவிட அதிகம். ஆகவே பட்டியல் முடியாது. ‘எல்லா உண்மையும்’ என்று ஒரு மூட்டையே கட்ட முடியாது. அப்படி மூட்டை கட்டத் தேவையில்லை என்று பதில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டை நடக்கட்டும்.

எனக்கு வேறு வழி போதும். டீக்கடையில் இரட்டைக் குவளை. டீ ஒன்றுதான், காசு ஒன்றுதான், குவளை வேறு. எது எந்த ஆணியில் தொங்கும், யார் கழுவி வைக்க வேண்டும், யார் பெஞ்சில் உட்காரலாம் என்பதெல்லாம் கடைக்காரனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்த ஏற்பாட்டைப் பற்றிய தகவல் ஒன்றுகூட அவனிடம் குறையாது. ஆனால் அந்த ஆணியிலிருந்து குவளையை எடுக்கிற கைக்கு, பக்கத்தில் தன் பிள்ளை நிற்கும்போது எடுக்கிற கைக்கு, தெரிகிற ஒன்று அவனுக்குத் தெரியாது. அது வெறும் உணர்ச்சி, அறிவு இல்லை என்பார்கள். உணர்ச்சி மட்டும் என்றால், அந்தப் பிள்ளை மறுநாள் டீயே வேண்டாம் என்று ஏன் சொன்னது என்று கடைக்காரனால் ஏன் புரிந்துகொள்ள முடியவில்லை? ஏதோ ஒன்று அவனுக்குத் தெரியாததால்தானே? வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து அறிய முடியுமா என்று 1974-இல் தாமஸ் நேகல் கேட்டதை உலகமே கொண்டாடியது. நம் அப்பன் பாட்டன் கேட்டதும் அதுதான். அவர்களிடம் வௌவால் உதாரணம் தேவைப்படவில்லை.

இப்போது கடவுளைக் கூப்பிடுவோம். அவனுக்கு உடம்பு இல்லை, பயம் இல்லை, அவனை யாரும் ‘தள்ளி நில்’ என்று சொன்னதில்லை. அவமானம் என்றால் என்ன என்று உள்ளேயிருந்து அவனுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் எல்லாம் தெரிந்தவன் இல்லை. தெரியும் என்றால் அவனும் ஒருநாள் தலைகுனிந்து நின்றவனாக இருக்க வேண்டும்; அப்படிப்பட்டவனை எந்தக் கோயில் கருவறையில் வைத்திருக்கிறார்கள்? கிறிஸ்தவ நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: எங்கள் ஆண்டவர் மனிதனாகி அடிபட்டாரே! நல்ல பதில்தான். உள்ளேயிருந்து அறிய இறங்கித்தான் வர வேண்டும் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அடிபட்டவரைக் கும்பிடுகிறவர்கள் கல்லறைத் தோட்டத்தில் எதற்குச் சுவர் கட்டினார்கள் என்று மட்டும் அவர்களைக் கேட்டுவைப்போம். அறியப்படக்கூடிய செய்திகள் எல்லாம் தெரிந்தால் போதும், அதுவே முற்றறிவு என்று சிலர் சுருக்கிக்கொள்வார்கள். இது ‘ஊரே வந்தது’ என்பது மாதிரிதான். சேரியைக் கழித்துவிட்டு ஊர் என்பது. உள்ளேயிருந்து அறிவதைக் கழித்துவிட்டு எல்லாம் என்பது.

வானத்தில் இருக்கிறவனைவிட மண்ணில் இருக்கிற முற்றறிவாளர்களால்தான் நமக்கு ஆபத்து அதிகம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் போனது. கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற விதமாகத் தீர்ப்பு எழுதப்பட்டது, விடுதலை. மிராசுதார் என்ன செய்வான், என்ன செய்யமாட்டான் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. நேரில் பார்த்த கூலிக்காரர்களுக்குத் தெரிந்தது அந்த அறிவுக்கு முன்னால் எடுபடவில்லை.

அரசு இன்று பன்னிரண்டு இலக்க எண்ணில் நம் கைரேகையையும் கண்ணையும் வைத்திருக்கிறது. ஆனால் 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று ஒன்றிய அரசு பதில் சொன்னது. சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் இறங்கி மூச்சு முட்டிச் செத்தவர்கள் வேறு தலைப்பில் இருக்கிறார்கள்: ‘அபாயகரமான துப்புரவு’. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைப்படி அது வேறு, இது வேறு. செத்தவனின் பெண்டாட்டிக்கு ஒரே சாவுதான். தலைப்பை மாற்றினால் பூஜ்யம் வந்துவிடும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது.

இலக்கியத்துக்குள்ளும் ஒரு முற்றறிவாளன் உட்கார்ந்திருக்கிறான். ‘எல்லாம் அறிந்த கதைசொல்லி’ என்று விமர்சகர்கள் அவனுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பண்ணையார் மனசுக்குள்ளும் போவான், பண்ணையாள் மனசுக்குள்ளும் போவான். பண்ணையார் மனசுக்குள் ஆயிரம் குழப்பம், ஆயிரம் நினைவு. பண்ணையாள் மனசுக்குள் பசியும் விசுவாசமும் மட்டும். ஒரு கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, பேர் பெற்ற ஒரு எழுத்தாளர் எழுந்து, ‘ஒங்க வலி எல்லாம் எங்களுக்கும் தெரியும் தோழர், நாங்க எழுதினா என்ன கொறஞ்சிடும்’ என்றார். எழுதுங்கள், யார் தடுத்தது? ஆனால் ‘எல்லாம் தெரியும்’ என்று தொடங்கிவிட்டால் எங்களிடம் கேட்பதற்கு உங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்? 1992-இல் பாமா ‘கருக்கு’ எழுதினார். மேலே இருந்து பார்க்கிற கதைசொல்லி அதில் இல்லை. தெருவில் பேசுகிற பேச்சிலேயே ‘நான்’ என்று ஒரு பெண் பேசுகிறாள். தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறாள். அந்த நூல் தமிழ் உரைநடையை அசைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைச் சொல்லிவிட்டு நம் பக்கம் திரும்பாமல் போனால் நானும் அதே பீடத்தில்தான் உட்காருவேன். ‘தலித்’ என்ற சொல்லும் ஓர் ‘ஊர்’ ஆகிவிட முடியும். தலித் பெண்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள் என்று 1995-இல் கோபால் குரு எழுத வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1989-இல், சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ நம் வீட்டுத் தலைவரையே கேள்வி கேட்டது. 1994-இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியை முன்னால் கொண்டுவந்து, சேரிக்கும் ஒரு வெளிப்புறம் உண்டு என்று காட்டியபோது நம்மில் எத்தனை பேருக்குக் கோபம் வந்தது! பட்டியல் சாதிகள் எல்லாம் ஒரே சீரான வகுப்பு என்று 2004-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2009-இல் தமிழ்நாடு அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. 2024 ஆகஸ்ட் 1-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பைத் தள்ளி, உட்பிரிவு செய்யலாம் என்றது. அருந்ததியர் இதைக் கேட்டபோது ‘ஒற்றுமை கெடும்’ என்று சொன்ன நம் ஆட்களும் உண்டு. ‘ஒங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா?’ என்றார்கள். எங்கேயோ கேட்ட குரல் அல்லவா? பக்தியை அரசியலுக்குள் கொண்டுவராதீர்கள், அது சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். அவரையே எல்லாம் சொல்லிவிட்ட கடவுளாக்கி, அவர் சொன்னதற்கு மேல் கேள்வி இல்லை என்கிறவர்கள் அந்தப் பேச்சைப் படிக்கவில்லை.

அப்படியானால் பட்டவன் மட்டும்தான் பேசலாமா, ஒருவர் நிலையை இன்னொருவர் அறியவே முடியாதா என்று மாணவ நண்பர்கள் கேட்பார்கள். அறிய முடியாது என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் அறிய முடியாது என்கிறேன். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறவன்தான் வாயைத் திறந்து கேட்பான், காதைத் திறந்து வைப்பான். எல்லாம் தெரிந்தவனுக்குக் காது தேவையே இல்லை. அதனால்தான் அவன் அடுத்தவன் காதைப் பற்றியும் கவலைப்படாமல் ஈயம் காய்ச்சுகிறான்.

நமக்கு முற்றறிவாளர் யாரும் வேண்டாம், நம்மிலிருந்தும் வேண்டாம். சாட்சிகள் வேண்டும். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாட்சிகளின் உரிமைக்கென்று தனிப் பிரிவைச் சேர்க்க 2015 வரை ஆயிற்று. அந்தப் பிரிவு காகிதத்தில் இருக்கிறது. சாட்சி இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறான். மாணவர்களே, எழுத்தாளர்களே, உங்கள் ஊரில் கூண்டேறப் பயந்து நிற்கிற ஒருவரோடு நீதிமன்றம் வரை கூடப் போங்கள். அவர் சொல்வதை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். ‘இல்ல, அப்படி இல்ல’ என்று அவர் சொன்னால் அடித்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள்.